சர்க்கரைத் தண்ணி

வா கண்ணு, உள்ள வா. வெயில்ல வந்திருக்கற. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. துளசிமணி வீடு எதுன்னு நீ மொத வீட்டுல கேட்டது எனக்கு இங்க கேட்டுச்சு. இந்த லைன் வீட்டுல எல்லாமே எல்லாருக்கும் கேக்கும். நாந்தான் துளசிமணி.

மொதல்ல இந்தத் தண்ணியக் குடி. நீ தேடி வந்த கொழந்த இங்க இல்ல. அந்தத் தொட்டிலப் பாக்காத, அதுல பனியன் பீஸுதான் கெடக்குது. கம்பெனியில தெச்சுக் குடுத்து வுடுவாங்க, நான் வூட்ல உக்காந்து பிசிறு வெட்டித் தருவேன். கீழ போட்டா அழுக்காயிருது. அதனால தொட்டில்ல போட்டு வெச்சிருக்கறேன். பயப்படாத கண்ணு, எங்க கன்னுக்குட்டிக்கு, அதான் எந்தம்பி கொழந்தைக்கு, ஒண்ணும் ஆகல. அது அவிநாசியில அதோட அம்மாகூட இருக்குது. இப்பச் சோறெல்லாம் திங்குதாம். ஆனா நீ தேடி வந்தது அதையில்ல, எனக்குத் தெரியும். பத்து நாள் கொழந்தைன்னு ஒண்ண நான் போன்ல சொன்னேனே, அதத் தேடித்தான் உன்னைத் தாட்டி வுட்டிருக்கறாங்க. அதச் சொல்லோணும்னா நான் மொதல்ல இருந்துதான் வரோணும். உக்காரு.

பூபதி என் தம்பி. எங்க அம்மா போனப்ப அவன் டவுசர் போட்ட பையன். நாந்தான் சோறாக்கிப் போட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தாட்டி வுட்டு ஆளாக்குனேன். உனக்குன்னு குடும்பம் இல்லையான்னு கேக்காத, அது பின்னாடி வரும். அவன் வேலை செய்யற கம்பெனியில ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுன புள்ள கோகிலா. அதக் கட்டிக்கறேன்னான். கட்டிக்கடான்னேன். நல்ல புள்ள. நான் கொறை சொல்ல மாட்டேன். என்னை நங்கையான்னு கூப்புடும். புருஷனோட அக்காள எங்க பக்கம் அப்புடித்தான் கூப்புடுவாங்க. எதுக்கெடுத்தாலும் நங்கையா, நங்கையா. அப்புடி இருந்த புள்ளதான்.

பெரியாஸ்பத்திரியில பிரசவம். பொட்டப்புள்ள. தன்விகான்னு பேரு வெச்சாங்க. என் வாயில அது நொழையல, நான் கன்னுக்குட்டின்னுட்டேன். கோகிலா மாசமா இருக்கறப்பவே, செக்கப்புக்குப் போன எடத்துல உன்னாட்ட ஒரு புள்ள கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு வந்துச்சு. பால் குடுக்கறக்குச் சொல்லித் தர்ற ஆப்பு, இலவசம், போன்ல போட்டுத் தரேன்னுச்சு. கோகிலாவோட போன் தண்ணித் தொட்டியில விழுந்து கெட்டுப் போயிருந்துச்சு. பூபதி போன் அவன்கூடக் கம்பெனிக்குப் போயிரும். அப்ப வூட்லயே இருக்கற போன் எதுன்னு கேட்டுச்சு. இந்தா, இதுதான். நான் சீரியல் பாக்கறக்குத் தம்பி வாங்கிக் குடுத்தது. இதுல போட்டுட்டுப் போயிருச்சு. படிக்கத் தெரியோணும்னு இல்ல. பாப்பா படத்தத் தொட்டாப் பேசும். மைக்குப் படத்த அமுக்கிக்கிட்டு நாம கேட்டா, அடுத்த நாளுக்குள்ள பதில் வரும். ‘வணக்கம் அம்மா, நான் அமுதா அக்கா பேசறேன்.’ உனக்குத் தெரியாததா, உங்களுதுதானே.

தப்பா நெனைக்காத கண்ணு. அந்த அமுதா அக்கா இந்த வூட்டுக்குள்ள வந்ததுலருந்து என் பேச்சு எடுபடல.

கொழந்த பொறந்ததும் நல்ல மனசு இருக்கறவங்க சர்க்கரைத் தண்ணி தொட்டு நாக்குல வெக்கறது எங்க வழக்கம். சேனை வெக்கறதுன்னு சொல்லுவோம். நான் பஞ்ச நனைச்சுக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். கோகிலாவுக்குக் கண்ணே சரியாத் தொறக்கல, அப்பவும் ‘வேண்டாங்க நங்கையா, மொதப் பாலுதான் குடுக்கோணும்னு அமுதா அக்கா சொல்லுச்சில்லீங்க’ங்குது. நர்ஸும் அதையே சொன்னா. அந்த மஞ்சப் பாலு. எங்க பக்கம் அதப் பீச்சி வெளிய ஊத்தச் சொல்லுவாங்க, கொழந்தைக்குச் சேராதுன்னு. இது அதையே குடுத்துச்சு. கன்னுக்குட்டி சப்பிச் சப்பிக் குடிச்சுச்சு. பஞ்ச ஜன்னலுக்கு வெளிய போட்டுட்டேன்.

அப்பறம் வூட்டுக்கு வந்தாங்க. கொழந்தைக்குத் தலை நின்ன கையோட கோகிலா வேலைக்குப் போகோணும்னு ஆயிருச்சு. பீஸ் ரேட்டு வேலைக்கு யாரு லீவு குடுப்பாங்க? நான் பாத்துக்கறேன், நீ போ கண்ணுன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். பகலெல்லாம் கன்னுக்குட்டி எனக்கு மட்டும். வேற என்ன வேணும்?

அதுக்கும் அமுதா அக்கா ஒரு பாடம் நடத்துச்சு. காலைல கெளம்பறதுக்கு முன்னால பால் பீச்சி, கொதிக்க வெச்ச டம்ளர்ல புடிச்சு மூடி வெக்கோணும். பாட்டில் கூடாது, பாலாடையில ஊட்டோணும். வேற எதுவும் கூடாது, தண்ணி கூடக் கூடாது. கோகிலா தெனமும் அப்புடித்தான் வெச்சுட்டுப் போகும். மத்தியானம் மார் கட்டிக்கிட்டா, கம்பெனி பாத்ரூம்ல நின்னு பீச்சி வுடுமாம். சட்டை நனைஞ்சு, அதுக்கு மேல துண்டு போத்திக்கிட்டு வரும். கஷ்டப்பட்டுச்சு. இல்லைன்னு சொல்லல.

ஆனா அந்த டம்ளரச் சாச்சுப் பாத்தேன் கண்ணு. பால் நீலம் பாரிச்சு, தண்ணியாட்ட இருந்துச்சு. கொழந்த அதக் குடிச்சுட்டுக் கொஞ்ச நேரத்துல அழுகும். தூக்கி வெச்சா நிறுத்திக்கும், எறக்குனா மறுபடியும் அழுகும். மத்தவங்களுக்குக் கொழந்த அழுதாத் தூக்கத்துக்கு அழுகுது, வேக்காட்டுக்கு அழுகுது, எறும்பு கடிச்சிருச்சு. எனக்கு அப்புடிக் கேக்காது. எனக்கு அழுகைன்னாப் பசி. அந்தச் சத்தம் காதுல விழுந்தாக் கத்திரிக்கோல் கையில நிக்காது.

அதனால மெடிக்கல்ல போயி பவுடர் பாலும் ஒரு பாட்டிலும் வாங்கியாந்தேன். இருக்கறதுல நல்லதாக் குடுன்னு கேட்டுத்தான் வாங்குனேன். கலக்கிக் குடுத்தேன். கன்னுக்குட்டி முழுசாக் குடிச்சுட்டுத் தூங்குச்சு பாரு, அப்புடி ஒரு தூக்கம். அழுகையே இல்ல. வூடு சத்தமே இல்லாமப் பொட்டாட்ட இருந்துச்சு. கொழந்த வயிறு நெறஞ்சா எப்புடி இருக்கும்னு அன்னிக்குத்தான் நான் பாத்தேன். பக்கத்துலயே படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். கோகிலா வெச்சுட்டுப் போன பாலு? அத வெச்சிருந்தாச் சாயங்காலம் கேக்குமில்ல. சலதாரையில ஊத்திட்டேன்.

என்ன அப்புடிப் பாக்கற? அதுல ஒண்ணும் இல்ல கண்ணு. வெறும் தண்ணி.

கொஞ்ச நாள் போச்சு. சாயங்காலம் கோகிலா ஓடி வந்து கொழந்தைய மார்ல போடும். அது ரெண்டு வாய் சப்பிட்டுத் திரும்பிக்கும். வயிறுதான் நெறஞ்சிருக்குதே. கோகிலாவுக்குப் பால் கொறஞ்சுபோச்சு. காலைல அர டம்ளர் கூட வரல. நான் சொன்னேன், ‘உனக்குப் போதல கண்ணு. சிலவங்களுக்கு அப்புடித்தான். ஒடம்பு வாகு. எனக்கும் அப்புடித்தான்’னு. ஆறுதலாத்தான் சொன்னேன். அது ஒரு மூலைல உக்காந்து இந்தப் போனை எடுத்து மைக்க அமுக்குச்சு.

‘அக்கா, எனக்குப் பால் கொறஞ்சுக்கிட்டே வருதுங்க. நான் நல்லாத்தான் சாப்புடறேன். என்ன பண்றதுங்க?’

அடுத்த நாள் பதில் வந்துச்சு. நானும் பக்கத்துலதான் இருந்தேன். ‘நீங்க வேலைக்குப் போன நேரத்துல பாப்பாவுக்கு வேற ஏதாவது குடுக்கறாங்களா அம்மா? வீட்டுல பாத்துக்கறவங்ககிட்ட அன்பாக் கேட்டுப் பாருங்க.’

கோகிலா என்னை நிமிந்து பாத்துச்சு. நான் பீஸைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். அது கேக்கவே இல்ல கண்ணு. மைக்க அமுக்கி அதுவே பதில் சொல்லுச்சு. ‘இல்லீங்கக்கா, எங்க நங்கையாதான் பாத்துக்கறாங்க. அவங்க தாயாட்ட. அவங்க அப்புடிப் பண்ண மாட்டாங்க.’

தாயாட்டன்னுச்சு. எனக்கு அன்னிக்கெல்லாம் நெஞ்சு நெறஞ்சு இருந்துச்சு.

அப்பறம் நல்ல கோடை. கொழாய்த் தண்ணி கலங்கலா வந்துச்சு. நான் கொதிக்க வெச்சுத்தான் பால் கலக்குவேன். சில நாள் கேஸ் தீந்திருக்கும், அன்னிக்கு என்ன பண்றது, அழுகற கொழந்தைய வெச்சுக்கிட்டு அடுப்பப் பாத்துக்கிட்டு உக்கார முடியுமா? தண்ணிதான் கண்ணு காரணம். பாலு நல்ல பாலு. கன்னுக்குட்டிக்கு வயித்தாலை புடிச்சுக்கிச்சு. துணி மாத்த மாத்தப் போகுது. அப்பறம் போறது நின்னு சொருண்டு படுத்துக்கிச்சு. உச்சிக்குழி உள்ள எறங்கிப் போச்சு. நான்தான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். ஒரு நிமிசம் தாமதிக்கல. அதையாச்சும் சொல்லோணுமில்ல? யாரும் அதச் சொல்லறதில்ல.

டாக்டரம்மா கேட்டா, வெளிப்பால் ஏதாச்சும் குடுத்தீங்களான்னு. கம்பெனிலருந்து அப்புடியே ஓடி வந்த கோகிலா எனக்கு முன்னால சொல்லிருச்சு, ‘தாய்ப்பால் மட்டுந்தாங்க மேடம்.’ நான் வாயத் தொறக்கல. பெரியவங்க பேசறப்ப எதுக்கு நடுவுல பூந்து பேசறது?

ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்துனாங்க. கன்னுக்குட்டி கண்ணு முழிச்சுப் பாக்க ஆரம்பிச்சுச்சு. நல்ல வெளிச்சம், காலை நேரம். பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பள அவ கொழந்தைக்குப் பாட்டில்ல பால் கலக்கி வேக வேகமாக் குலுக்குனா. அந்தச் சத்தம் இருக்குதில்ல, மூடி போட்டுக் குலுக்கற சத்தம். கன்னுக்குட்டி வெடுக்குனு அந்தப் பக்கம் திரும்பி, கை ரெண்டையும் ஆட்டிக்கிட்டு வாயத் தொறந்துச்சு. அதுக்கு அந்தச் சத்தம் தெரியும். கோகிலா கொழந்தையப் பாத்துச்சு. அந்தப் பாட்டிலப் பாத்துச்சு. அப்பறம் என்னைப் பாத்துச்சு.

திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். கொழந்தைய எடுத்து மார்ல போட்டுக்கிட்டு, எனக்கு முதுகக் காட்டித் திரும்பி உக்காந்துக்கிச்சு.

ஆஸ்பத்திரிலருந்து அது இங்க வரவே இல்ல. நேரா அவிநாசிக்கு, அதோட அக்கா வூட்டுக்குப் போயிருச்சு. பூபதி வந்து துணிமணி எடுத்துட்டுப் போனான். ‘அவளுக்கு உம்மேல கோவம் இல்லக்கா. பயம்’னான். என்னைப் பாத்தா என்னடா பயம்? நான் என்ன வெசமா வெச்சேன்? தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். கோகிலாவுக்கு மறுபடியும் பால் வந்துருச்சாம். வேலைய வுட்டுட்டுப் பூராப் பொழுதும் கொழந்தைய மார்லயே போட்டுக்கிட்டு இருந்துச்சாம். அமுதா அக்கா வழி சொல்லியிருக்கும், புதுப் போன்ல.

இந்தப் போன்லருந்து அத எடுக்க மறந்துட்டாங்க. யாரும் இல்லாத வூட்ல நான் பாட்டுக்குப் பிசிறு வெட்டிக்கிட்டு இருப்பேன். திடீர்னு மணி அடிக்கும். தொட்டேன்னா, ‘வணக்கம் அம்மா, நான் அமுதா அக்கா பேசறேன். உங்க பாப்பா இப்பக் குப்புற விழுகற நேரம்.’ சரி, குப்புற விழுகுதாட்ட இருக்குதுன்னு நெனைச்சுக்குவேன். ‘உங்க பாப்பா இப்பத் தெரிஞ்ச முகத்தப் பாத்தாச் சிரிக்கும்.’ சிரிக்குதாட்ட இருக்குது. தம்பி அதுக்கு மேல எதுவும் சொல்லறதில்ல, ஃபோட்டோக் கூடக் காட்டறதில்ல. எனக்குச் சேதி சொல்ல இருந்தது அந்தக் கொரல் ஒண்ணுதான். மொத மொதல்ல அது பேசறது எனக்குப் புடிச்சுச்சு.

ஒரு நாள் வேற மாதிரி பேசுச்சு. பழசெல்லாம் திரும்பப் போடற நாளோ என்னமோ. ‘எனக்குப் பால் போதலைன்னு நிறைய அம்மாக்கள் நினைக்கறாங்க. பெரும்பாலும் அது உண்மையில்ல. மொதப் பால வெளிய ஊத்திட்டு, சர்க்கரைத் தண்ணியும் மாட்டுப் பாலும் குடுத்தா, பாப்பா மாரச் சப்பாது. சப்பலைன்னாப் பால் சுரக்காது. அந்தத் தண்ணில இருக்கற கிருமியால பாப்பாவுக்கு வயித்தால போகும்.’

நான் கத்திரிக்கோலக் கீழ வெச்சுட்டேன். மறுபடியும் தொட்டுக் கேட்டேன். அன்னிக்குப் பூரா வேலை ஓடல.

எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு கண்ணு. காங்கேயம் பக்கம் ஒரு ஊருக்குத்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. அதுவும் பொட்டப்புள்ள. நல்ல எடை. தலை நெறைய முடி. மஞ்சப் பாலப் பீச்சி ஊத்தச் சொன்னாங்க, ஊத்துனேன். எங்க மாமியா சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. கொழந்த அழுதாப் பொறுக்க மாட்டாங்க. பசியில துடிக்குது பாருன்னு அவங்களே அழுதுக்கிட்டுக் குடுப்பாங்க. அப்பறம் மாட்டுப் பாலுல தண்ணி கலந்து குடுத்தாங்க. மாருக்கிட்டக் கொண்டு போனா அது மூஞ்சியத் திருப்பிக்கும். உனக்குப் பாலு வத்திப்போச்சு, வத்தக் காம்புன்னு சொன்னாங்க. நானும் பீச்சிப் பாத்தேன். நீலமா ரெண்டு சொட்டு வந்துச்சு.

பத்தாம் நாள் போயிருச்சு. பேரு வெக்கல.

எடுத்துட்டுப் போனதுக்கு அப்பறம் எனக்கு மார் கட்டிக்கிச்சு கண்ணு. கல்லாட்ட. குளுருசொரம் அடிக்குது. ரவிக்கை நனைஞ்சு, சீலை நனைஞ்சு, பாயி நனைஞ்சு போச்சு. பால் வத்தறக்கு மல்லியப்பூவ வெச்சுக் கட்டி வுட்டாங்க. நாலு நாளு. பூ வாடி வாடி மாத்துனாங்க. பக்கத்து வூட்டுக் கொழந்த அழுதாப் போதும், பூவெல்லாம் நனைஞ்சு கீழ விழுந்துரும். ஊரெல்லாம் சொன்னாங்க, துளசிமணிக்குப் பால் இல்லாமக் கொழந்த பசியில போச்சுன்னு. எம் புருஷனும் அதச் சொல்லித்தான் வேற ஒருத்தியக் கட்டுனாரு. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். பால் இல்லாதவளுக்கு அது எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல. சரி, அது வேற.

அமுதா அக்கா பொய் சொல்லுதான்னு பாக்கலாம்னுதான் நான் மைக்க அமுக்குனேன். வேற எதுக்கும் இல்ல. ‘கொழந்த பொறந்து பத்து நாளுங்க. எனக்குப் பாலு போதல. சர்க்கரைத் தண்ணி குடுக்கறோம். வயித்தால போகுது. இப்பப் போறது நின்னுபோச்சு, கண்ணு சொருகி இருக்குது. என்னங்க பண்றது?’ இவ்வளவுதான் கேட்டேன்.

அடுத்த நாளுக்குள்ள வரும்னு நெனைச்சேன். நான் சோத்துக்கு அரிசி கழுவறதுக்குள்ள வந்துருச்சு. அமுதா அக்கா இல்ல. வேற கொரல். சின்னப் புள்ள கொரல், பதறிக்கிட்டுப் பேசுச்சு. ‘அக்கா, நான் நர்ஸ் பேசறேன். பயப்படாதீங்க. சர்க்கரைத் தண்ணிய உடனே நிறுத்துங்க. உங்களுக்குப் பால் இருக்கும்க்கா, நிச்சயமா இருக்கும். பாப்பாவ மார்ல போட்டுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இன்னும் நேரம் இருக்குதுக்கா.’

இன்னும் நேரம் இருக்குதுங்குது.

நான் அரிசிச் சட்டியப் புடிச்சுக்கிட்டு அப்புடியே நின்னேன். இத எனக்கு அன்னிக்கு ஒருத்தரும் சொல்லலையேன்னு நெனைச்சேனா, இல்ல என்ன நெனைச்சேன்னு எனக்கே தெரியல. அதையே தொட்டுத் தொட்டுக் கேட்டேன். கேக்கக் கேக்க, ஏதோ நான் கெளம்பித் தாமதம் பண்ணிக்கிட்டு நிக்கறாப்பல இருந்துச்சு. நெசமாச் சொல்றேன் கண்ணு, ஒருக்கா வாசப்படி வரைக்கும் போயிட்டேன். செருப்பப் போட்டுட்டேன். கையில என்ன இருக்குதுன்னு அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். அரிசிச் சட்டி.

அந்தப் புள்ள அப்பறமும் வுடல. போன் மேல போன். நான் எடுக்கல. எடுத்து என்னன்னு சொல்லறது? பேச்சா அனுப்புச்சு. ‘அக்கா, பாப்பா எப்புடி இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.’ நான் மைக்க அமுக்கி, ‘கண்ணு தொறக்க மாட்டேங்குது’ன்னு மட்டும் சொன்னேன். அதுக்குத்தான் உன்னை வெயில்ல ஓட வெச்சுட்டாங்க.

அழுகாத கண்ணு. நீ எதுக்கு அழுகற? நானே அழுகல. நான் பண்ணுனது தப்புன்னு சொல்லறக்கு உன்னை உக்கார வெக்கல. கோகிலா கொழந்த பசியில போயிரக் கூடாதுன்னு பாத்தேன், அது போகல, நல்லா இருக்குது. அவ்வளவுதான். இந்தப் போன்லருந்து ஆப்ப எடுக்கோணும்னா எடுத்துக்க. இனி சோறு ஊட்டறது பத்தித்தான் பேசும், அது எனக்கே தெரியும்.

உன் போன் அடிக்குது பாரு. அந்த நர்ஸுப் புள்ளதானா? எடு. எடுத்துப் பேசு. நான் உன்கிட்டச் சொன்னதெல்லாம் அதுகிட்டச் சொல்லாத. அது பாவம், சின்னப் புள்ள, காலைலருந்து சோறு தண்ணி இல்லாமக் காத்துக்கிட்டு இருக்கும். கொழந்தையப் பாத்துட்டேன்னு சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாங்கன்னு சொல்லு. அம்மாவுக்கு நல்லாப் பால் ஊறுது, சீலையெல்லாம் நனையுது, கொழந்த கண்ணு தொறந்து பாத்துச்சுன்னு சொல்லு. அழுகைச் சத்தம் கேக்கலையேன்னு கேட்டா, இப்பத்தான் குடிச்சுட்டுத் தூங்குதுன்னு சொல்லு கண்ணு. மெதுவாத்தான் பேச முடியும், எந்திரிச்சுரும்னு சொல்லு.